மரமில்லாத காட்டுக்கு ஒரு வனக்காப்பாளர்

வனக்காப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடக்கவைத்துப் பார்க்கிறார்கள். போனில் பேசவைத்துப் பார்த்திருக்க வேண்டும். காக்கி போட்டவர்கள், தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர்கள், பாம்பு பிடிக்கத் தெரியும் என்று தெரியாத்தனமாக நாலு பேரிடம் சொல்லிவிட்டவர்கள், எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். சோற்றில் கை வைக்கும்போதுதான் போன் அடிக்கும். எடுத்தால், “வனத்துறையா? உடனே வாங்க” என்பார்கள். எங்கே, என்ன என்று கேட்பதற்குள் வைத்துவிடுவார்கள்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் வேலை. சொந்த ஊர் புதியம்புத்தூர். தையல் மெஷின் சத்தத்தில் வளர்ந்தவள். இந்தச் சீமையில் ஒருவர் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் உளுந்துக்குக் களை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். குருமலைப் பக்கம் கொஞ்சம் மேடும் முள்ளும் உண்டு. மற்றபடி கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் நிலம், வேலிக்கருவை முள்புதர், காற்றாலை. வெயில் காலத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இதில் என்ன உயிர் இருக்கப்போகிறது, நமக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் வந்து சேர்ந்தேன். என்னோடு வேலை பார்க்கும் வாட்சர் சுடலைமுத்து அண்ணாச்சி முதல் நாளே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “எல்லாம் இருக்கு மேடம். நம்ம கண்ணுல படக்கூடாதுன்னு இருக்கு. அதனாலதான் இன்னும் இருக்கு.”

டிராக்டருக்கு முன்னால் நின்றது

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்திருந்தது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே உழுதுவிட வேண்டும் என்று ஊரே டிராக்டரைத் தேடி அலைகிற நேரம். ராமலட்சுமி அக்கா என்று ஒரு சம்சாரி, அதாவது விவசாயி. புருசன் இறந்த பிறகு தனியாக நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அவரிடமிருந்து போன். “ஒரு குருவி உழவிடமாட்டேங்கு மேடம். நீங்க வந்து என்னன்னு கேளுங்க.”

போய்ப் பார்த்தால் டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதற்கு முன்னால், கையால் தொடுகிற தூரத்தில், ஓர் ஆள்காட்டிக் குருவி. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பாக ஒரு சதை. இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு கத்தோ கத்தென்று கத்துகிறது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தார். அது ஓர் அடி முன்னால்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வந்தது. இன்னொரு ஆள்காட்டி உடனே சிறகு ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு நாய்க்கு முன்னால் தத்தித் தத்திப் போனது. நாயும் ஆசையோடு பின்னாலேயே போனது. வரப்பு தாண்டி, ஓடை தாண்டி, நாய் வெகுதூரம் போன பிறகு ‘ஒடிந்த’ சிறகை விரித்துக்கொண்டு ஜம்மென்று பறந்து வந்துவிட்டது. நாய்க்கு நடிப்பு, டிராக்டருக்கு மறியல். யாரிடம் எது செல்லும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

முட்டை இருக்கிறது என்று புரிந்தது. ஆனால் எங்கே? மண்கட்டி நிறத்திலேயே முட்டை. நானும் அண்ணாச்சியும் குனிந்து ஒவ்வோர் அடியாக வைத்துத் தேடிக் கண்டுபிடித்தோம். கூடு என்று எதுவும் இல்லை. நாலு கட்டிக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். அக்காவுக்கோ ஈரம் காய்கிற கவலை. நான் நகரவில்லை. முட்டையைச் சுற்றிக் குச்சி நட்டு, வெயிலுக்குத் தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவைக் கிழித்துக் கட்டி, அந்த வட்டத்தை விட்டு வளைத்து ஓட்டச் சொன்னேன். டிரைவர் முனகிக்கொண்டே வளைத்தார். பறவை சிறகை மடக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தது. ராமலட்சுமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இந்த நிலத்துக்கு எங்கிட்ட பட்டா இருக்கு மேடம். ஆனா அது நிக்கிற நிலையைப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு.”

எது தலை?

தீப்பெட்டி ஆபீஸிலிருந்து போன். குச்சி மூடைக்கு அடியில் இரண்டு தலைப் பாம்பு. நாங்கள் போகும்போது பெண்கள் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை மட்டும் வேலை கெடுகிறதே என்று அங்கும் இங்கும் நடக்கிறார். உள்ளே மண்ணுளிப் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. விஷம் கிடையாது. ஆனால் வாலும் தலையைப்போலவே மொட்டையாக இருக்கும். ஆபத்து வந்தால் தலையைச் சுருளுக்கு அடியில் புதைத்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். கீரியோ பூனையோ அதைத்தான் தலை என்று நினைத்துக் கடிக்கும். கடித்தால் வாலோடு போயிற்று. நான் கையில் எடுத்தபோது அந்த வாலில் பழைய தழும்புகள் வரிவரியாக இருந்தன. எத்தனை சண்டையில் அந்தப் பொய்த்தலையைக் கொடுத்து உண்மைத் தலையைக் காப்பாற்றியதோ.

இதைப் பெண்களுக்குக் காட்டி விளக்கிச் சொன்னேன். கூட்டத்தில் முன்னால் நின்ற மாரியம்மாள் என்ற பெண் தழும்பை உற்றுப் பார்த்தாள். பிறகு கணக்கப்பிள்ளைக்குக் கேட்கிற மாதிரியே பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: “முதலாளிக்கு ஒரு முகம், நமக்கு ஒரு முகம்னு வச்சிருக்காரேன்னு இத்தன நாளு யோசிச்சேன் ஏட்டி. இப்பம்லா தெரியுது, அவரு எந்த இனம்னு.”

நனைகிற பறவை

கோடையில் பிராணிகளுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுபோய்ச் சிமெண்ட் தொட்டியில் ஊற்றுவோம். எங்கள் தொட்டி ஒன்றின் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. கீழே சின்னதாக ஒரு தண்ணீர்த் தேக்கம். ஒரு காலையில் அங்கே கல்கௌதாரிகள் வந்து இறங்கியதைப் பார்த்தேன். புறா அளவு, மண் நிறம். எல்லாம் அவசரம் அவசரமாகக் குடித்துவிட்டுப் பறந்தன. ஒன்றிரண்டு ஆண் பறவைகள் மட்டும் போகவில்லை. தண்ணீரில் வயிறு படும்படி இறங்கி, உடம்பை ஆட்டி ஆட்டி நனைந்துகொண்டிருந்தன. குளிக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த வயிற்று இறகு பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுமாம். எங்கேயோ பொட்டல் வெளியில் பறக்கத் தெரியாத குஞ்சுகள் இருக்கும். அப்பன்காரன் அவ்வளவு தூரம் ஈர வயிற்றோடு பறந்து போய் நின்றால் குஞ்சுகள் அந்த இறகைச் சப்பிக் குடிக்குமாம்.

இதை நான் தெரிந்துகொண்ட வாரத்தில்தான் ரேஞ்சர் குழாயைச் சரிசெய்யச் சொன்னார். தண்ணீர் வீணாகிறது என்று அவர் சொன்னதும் தப்பில்லை. குழாய் அடைபட்டது. மறுநாள் கௌதாரிகள் வந்தன; வட்டமடித்தன; தொட்டி விளிம்பு உயரம், உள்ளே வழுவழுப்பு, இறங்க முடியவில்லை. போய்விட்டன. எனக்கு மனசு கேட்கவில்லை. ரேஞ்சரிடம் போய்ச் சொன்னேன். “குடிக்கத்தான் தொட்டி இருக்கேம்மா” என்றார். “குடிக்க இருக்கு சார். கொண்டுபோக இல்ல” என்றேன். சிரித்துவிட்டு, செலவில்லாமல் என்ன செய்ய முடியுமோ செய் என்றார்.

நானும் அண்ணாச்சியும் தொட்டிக்குப் பக்கத்தில் தட்டு மாதிரி ஆழமில்லாமல் ஒரு பள்ளம் வெட்டினோம். கரிசல் வெடித்துத் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் கண்மாயிலிருந்து கரம்பை என்கிற வண்டல் மண் அள்ளி வந்து மெழுகினோம். வெயிலில் அது வெடிக்கும், மறுபடி மெழுகுவோம். நாள் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கௌதாரியும் வரவில்லை. அண்ணாச்சி, “வேற எடம் பாத்துட்டு போல” என்றார். நான் மறுபடி மெழுகினேன். ஒரு காலையில் டேங்கர் டிரைவர் தங்கராஜ் தண்ணீர் விட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கூட்டமாகச் சத்தம். இறங்கின, குடித்தன, இரண்டு ஆண்கள் வயிற்றை நனைத்துக்கொண்டு எழும்பின. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். தங்கராஜ் அவை போன திசையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நானும் ஊரூராத் தண்ணி கொண்டுட்டுத்தான் போறேன். லேட்டுன்னு திட்டு வாங்காம ஒரு நாளும் வந்ததில்ல. அதுக்கும் வீட்டுல அப்படித்தான் இருக்கும்.”

கேமராவில் வந்த சிறுத்தை

ஓட்டப்பிடாரத்துக்குப் போகிற வழியில் ஒரு சோலார் கம்பெனி. கருப்புக் கண்ணாடிப் பலகைகள் வரிசை வரிசையாக நிற்கும். சுற்றிக் கம்பி வேலி. அங்கிருந்து எஞ்சினியர் பேசினார்: கேமராவில் சிறுத்தை பதிவாகியிருக்கிறது, ஆட்கள் வேலைக்கு வரப் பயப்படுகிறார்கள். வீடியோவை அனுப்பச் சொன்னேன். வால் நுனி கறுப்பாக, காது பெரிதாக, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உடம்போடு ஒரு குள்ளநரி, கேமராவுக்கு மிகப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

நேரில் போனோம். வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து ஒரு வழி. உள்ளே பலகைகளின் நிழலில் வளை தோண்டிக் குட்டி போட்டிருந்தது. வெளியே பொட்டலில் வெயில் கொளுத்துகிறது. உள்ளே நாள் முழுக்க நிழல், நாய் வராது, பலகை கழுவுகிற தண்ணீர் சொட்டுகிறது, வயரைக் கடிக்கிற எலியும் ஏராளம். இதைவிட நல்ல வீடு அதற்கு எங்கே கிடைக்கும்? எஞ்சினியர் வளையை மூடிவிட வேண்டும் என்றார். குட்டிகள் வெளியேறி ஓடுகிற பருவம் வருகிறவரை யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். மேலிடத்துக்குப் போன் போட்டார். நானும் போட்டேன். அவர் கோபமாகப் பேசப் பேச நான் வேலி ஓரத்திலேயே நின்றேன். கடைசியில், அந்த வரிசையில் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதாக ஒப்புக்கொண்டார். எலி குறைந்தால் வயர் செலவும் குறையும் என்று அவரே கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றவர், கதவைத் திறந்துவிட்டபடி சொன்னார்: “இந்தக் கம்பெனி வந்து இத்தன வருசத்துல இங்கன நெழல் இருக்குன்னு கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான் மேடம். எங்களுக்கு ஒரு கூரை போட்டுத் தாங்கன்னு நாங்க இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கோம்.”

கிணற்றில் விழுந்த தாய்

குருமலை அடிவாரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நிறைய. ஆவணி மாதம், மழையைக் காணோம். மான்கள் தண்ணீருக்காக மலையை விட்டுக் கீழே இறங்குகிற காலம். காலையில் போன் வந்தது. நாய்கள் விரட்டி ஒரு புள்ளிமான் கிணற்றில் விழுந்துவிட்டது. போனபோது கிணற்றைச் சுற்றி ஊரே நிற்கிறது, ஆளுக்கொரு செல்போன். கீழே முழங்கால் அளவு சேற்றில் ஒரு பெண்மான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விலாவெல்லாம் துடிக்கிறது. மானுக்குக் காயத்தைவிடப் பயம்தான் எமன். தூக்கி வெளியே விட்ட பிறகும் பயத்திலேயே செத்துப்போகும். நான் கத்தினேன்: “போனை உள்ள வைங்க. ஒரு சத்தம் வரக்கூடாது. வந்துன்னா அது செத்துரும், நீங்கதான் கொன்னீங்கன்னு எழுதிருவேன்.” அப்படி எழுத எங்கேயும் இடமில்லை. ஆனாலும் கூட்டம் அடங்கிவிட்டது.

தீயணைப்புக்காரர்கள் கயிறு தந்தார்கள். அண்ணாச்சி இறங்கினார். ஈரத் துண்டால் மானின் கண்ணைக் கட்டியதும் அது கொஞ்சம் நிதானப்பட்டது. சாக்கில் தொட்டில் மாதிரி கட்டி மேலே ஏற்றினோம். சேற்றைக் கழுவிவிடும்போது என் கை அதன் மடியில் பட்டது. கனத்திருந்தது, பால் கட்டியிருந்தது. எங்கேயோ ஒரு குட்டி கிடக்கிறது. கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டேன். எலும்பு முறிவு இல்லையென்றால் உடனே விட்டுவிடுங்கள் என்றார். கட்டை அவிழ்த்தோம். தடுமாறி எழுந்து முள்காட்டுக்குள் ஓடியது. ஆனால் மலைக்குப் போகவில்லை. தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தது.

குட்டி இருக்கிறது என்று தெரிந்ததும் ஊர்க்காரர்களுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. ஆளாளுக்கு வரப்பு வரப்பாகத் தேட இறங்கினார்கள். நான் குறுக்கே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். மான்குட்டிக்குப் பிறந்த புதிதில் அனேகமாக வாடையே இருக்காது. தாய் படுக்கச் சொன்ன இடத்தில் காதை மடக்கி, கழுத்தை மண்ணில் நீட்டி, மூச்சுத் தெரியாமல் கிடக்கும். நாய் பக்கத்தில் வந்தாலும் அசையாது. நாம் தேடி நடந்தால் நம் வாடையைப் பிடித்துக்கொண்டு நாய் வந்து சேரும். “பாவம்மா, பசியில கெடக்கும்லா?” என்று ஓர் அம்மா அழுதேவிட்டார். “கெடக்கட்டும். அது கெடந்தாத்தான் பிழைக்கும்” என்றேன். எல்லோரையும் அனுப்பிவிட்டு நானும் அண்ணாச்சியும், அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற சங்கரன் என்பவரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்துகொண்டோம். எங்களுக்கு ஒரே வேலை: நாய்களை உள்ளே விடக்கூடாது.

வெயில் ஏறியது. நாய்கள் இரண்டு முறை வந்தன. கல்லை எறிந்து விரட்டினோம். மான் முள்ளுக்குள்ளிருந்து தலையை நீட்டும். எங்களைப் பார்த்து உள்ளே போகும். இன்னும் பின்னால் போய் உட்கார்ந்தோம். தண்ணீர் தீர்ந்தது. சங்கரன், “குட்டி போயிருக்கும் மேடம், நாயி காலையிலயே தூக்கிருக்கும்” என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். எழுந்து போய்த் தேடிவிடலாமா என்று காலெல்லாம் பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் மான் வெளியே வந்தது. ஒவ்வோர் அடியாக வைத்து, நின்று, மூக்கைத் தூக்கி, மறுபடி ஓர் அடி. பிறகு தணிந்த குரலில் ஒரு சத்தம் கொடுத்தது. எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. கிணற்றுக்குப் பக்கத்து வரப்பில், ஊரே மிதித்துத் திரிந்த இடத்துக்கு இரண்டு எட்டுத் தள்ளி, காய்ந்த புல்லுக்கு நடுவே வெறும் தரை என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்று நாலு காலில் எழுந்து நின்றது. ஓடிப்போய் மடியை முட்டியது. அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சங்கரன் மெதுவாகச் சொன்னார்: “காலையில இருந்து அங்கன அத்தன பேரு காட்டுக்கத்து கத்துனோம். தாயி ஒத்த சத்தம் குடுத்த பெறகுல்லா அதுக்குக் காது கேட்டிருக்கு.”

மஞ்சள் தவளை

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்த மறுநாள். புதிதாக வீடுகள் வந்திருக்கிற ஒரு நகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆபீசர் ஒருவர் பேசினார். வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் விஷத்தவளைகள் இறங்கியிருக்கின்றன. வெளிநாட்டு இனமாக இருக்கலாம். கத்துகிற கத்தில் வீட்டில் யாரும் தூங்கவில்லை. போய்ப் பார்த்தால் நம்ம ஊர்த் தவளைதான். முதல் மழைக்கு ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, தொண்டையில் இரண்டு நீலப் பை ஊதிக்கொண்டு கத்தும். அந்தச் சில நாளில் ஜோடி சேர்ந்து முட்டை போட்டால்தான் உண்டு. தேங்கிய தண்ணீர் வற்றுவதற்குள் குஞ்சுக்குக் கால் முளைக்க வேண்டும். அதுவரை வருசமெல்லாம் கரிசல் வெடிப்புக்குள் இறங்கி மண்ணுக்குள் அசையாமல் கிடந்தவை அவை.

இதையெல்லாம் சொன்னேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொண்டு போயே ஆக வேண்டும் என்றார். முடியாது சார், அதற்கு இதுதான் கல்யாண மாதம் என்றேன். அவர் குரலை உயர்த்தி என் பெயரையும் மேலதிகாரி பெயரையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டம்மா காபி டம்ளரோடு வந்து என் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்: “வருசம் பூரா வாயைத் தொறக்காம மண்ணுக்குள்ள கெடந்துருக்கு. ரெண்டு நாளு சத்தம் போட்டுட்டுப் போகட்டும் விடுங்க. நீங்க தெனமும் போடுதீங்கள்லா?”

பன்றிக்குத் தெரிந்த வழி

சிரிக்கிற கதையாகவே சொல்லிக்கொண்டு போக முடியாது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற மாதத்தில் எங்கள் வேலை சிரிப்பு இல்லாத வேலை. வேலுச்சாமி அண்ணாச்சியின் காட்டில் காட்டுப்பன்றி புகுந்தது. வேலியாகப் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினார். சில நாள் பன்றி ஒதுங்கியது. பிறகு சேலைக்கு அடியில் மூக்கை விட்டுத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. சலூனிலிருந்து முடி வாங்கி வந்து தூவினார். மனித வாடைக்குச் சில நாள் பயந்தது. ஸ்பீக்கரில் நாய் குரைப்பைப் போட்டார். குரைக்கிற நாய் கடிக்க வரவில்லை என்பதைப் பன்றி கவனித்துவிட்டது. பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிற பிராணி அது. அதனால்தான் இத்தனை பேர் துரத்தியும் பிழைத்திருக்கிறது.

ஒரு சாயங்காலம் ரோந்து போனபோது சுடலைமுத்து அண்ணாச்சி என் கையைப் பிடித்து இழுத்தார். காலுக்கு முன்னால், சோளத்தட்டை உயரத்துக்குக் கீழே, மெல்லிய கம்பி. பம்புசெட்டிலிருந்து கரண்ட் இழுத்திருக்கிறது. இன்னும் சுவிட்ச் போடவில்லை. வேலுச்சாமி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பன்றி செத்தாலும் வழக்கு, மனுசன் செத்தால் வீடே போய்விடும் என்று சத்தம் போட்டேன். அவர் மறைக்கவில்லை. “வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? நீங்களே சொல்லுங்க” என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கம்பியை நானே சுருட்டினேன். பிறகு பதில் தேடி அவரோடு காட்டைச் சுற்றி வந்தேன். பன்றி எங்கிருந்து வருகிறது? ஓடையில் மண்டிக்கிடந்த வேலிக்கருவைக்குள்ளிருந்து. அது நேராகச் சோளத்தில் போய் முடிகிறது. மறைவை விட்டு வெளியே வர வேண்டிய அவசியமே பன்றிக்கு இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, பொக்லைனுக்காக நானே அலைந்து, ஓடைக்கும் சோளத்துக்கும் நடுவில் இருந்த முள்ளை வெட்டிப் பொட்டலாக்கினோம். வெட்ட வெளியைத் தாண்டி வரப் பன்றிக்குத் தயக்கம். முறைவைத்துக் காவலும் இருந்தார்கள். நஷ்ட ஈட்டு மனுவோடு நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். முழுக்கத் தப்பவில்லை, மேற்கு ஓரம் போயிற்று. மிச்சம் வீடு வந்தது. கதிர் அறுப்பன்று போயிருந்தேன். புதிதாகப் பதிந்த குளம்புத் தடத்தைக் காட்டினார் வேலுச்சாமி அண்ணாச்சி. பொட்டலைச் சுற்றிக்கொண்டு, ரோட்டோரமாக, வேறு ஒரு வழி. கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: “எத்தன தடவை வெரட்டினாலும் புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சுட்டுல்லா வருது. எம் மவனுக்கு இதுல பாதி வைராக்கியம் இருந்தா அரியரை எல்லாம் எப்பவோ முடிச்சிருப்பான் மேடம்.”

மாறுதல்

போன மாதம் ரேஞ்சர் கூப்பிட்டார். மேற்கே மலைப் பக்கம் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். யானை, புலி, அருவி, குளிர்ச்சி. “நல்ல காடும்மா. ஒன்னை மாதிரி ஆளு அங்கன இருக்கணும்” என்றார். ஒரு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் அண்ணாச்சி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார், கேட்காத மாதிரி துடைக்கிறார். அந்த நேரம் என் போன் அடித்தது. குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. உப்பளத்துக்குப் போகிற பாதையில் ஓர் உடும்பு மோட்டார் ரூமுக்குள் ஏறிக் கம்பியைப் பற்றிக்கொண்டு இறங்க மறுக்கிறது. அடிக்கக் கம்பு எடுத்திருக்கிறார்கள். “ஒருத்தரும் கிட்ட போகாதீங்க. நான் வாரேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய், உடும்பு விஷயத்தையும் சொல்லி, மாறுதல் வேண்டாம் சார் என்றேன்.

ரேஞ்சர் காரணம் கேட்டார். மலையில் பிழைக்கக் காடு துணை இருக்கிறது, இங்கே பிழைக்கிறதுக்குப் பிடிவாதம்தான் துணை, எனக்கு இதுதான் சரியாக வரும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்தபடி சொன்னார்: “சரிம்மா. பிடிச்சா விடாத பிராணிகளைப் பத்தின ரிப்போர்ட்ல ஒன்னையும் ஒரு வரி சேத்துக்கிடுதேன்.”

வெயிலையும் வறட்சியையும் தாங்க இந்த உயிர்களெல்லாம் கற்றுக்கொண்டு ரொம்பக் காலமாகிறது. இப்போது நம்மைத் தாங்கத்தான் கற்றுக்கொண்டிருக்கின்றன, அதிலும், அவற்றைத் தாங்க நாம் கற்றுக்கொள்வதற்குள் தேறிவிடும் என்றுதான் தோன்றுகிறது.